நாய் யாருடையது? ஆங்கிலப் பொதுச் சட்டத்திலும் இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் வளர்ப்பு நாயின் சொத்துரிமை

ஆய்வுச் சுருக்கம்

வளர்ப்பு நாய் ஒன்றுக்கு இருவர் உரிமை கோரும்போது, அதனைத் தீர்க்கவேண்டிய சட்டம் முதலில் வேறொரு வினாவுக்கு விடை கண்டாக வேண்டும்: நாய் ஒரு சொத்தா? ஆங்கிலப் பொதுச் சட்டம் இவ்வினாவுக்குப் பல நூற்றாண்டுகள் அரைகுறையான விடையையே தந்தது. நாயை இழந்தவர் உரிமையியல் வழக்குத் தொடரலாம். ஆனால் நாயைக் கவர்ந்தவர் கள்வர் ஆகார். இந்த இடைவெளியில் லண்டனில் மீட்புப்பணத் தொழில் ஒன்று வளர்ந்தது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் அவ்விடைவெளியை ஒரே எடுத்துக்காட்டால் அடைத்தது. இவ்விரு மரபுகளையும் ஒப்புநோக்கி, நாயின் உரிமை குறித்த பூசல்கள் எவ்வெச் சான்றுகளைக்கொண்டு தீர்க்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சொத்துரிமை, கைவசம், களவு, இந்தியத் தண்டனைச் சட்டம், கண்டெடுத்தவர் உரிமை, வளர்ப்பு நாய்.

முன்னுரை

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு திருட்டு என்னும் குற்றத்தை வரையறுக்கிறது. வரையறையை விளக்கத் தரப்பட்ட எடுத்துக்காட்டுகளில் முதலாவது மரம் வெட்டுதல் பற்றியது. இரண்டாவது நாய் பற்றியது. ஒருவன் நாய்க்குப் பிடித்த தீனியைத் தன் பையில் வைத்துக்கொண்டு, பிறரது நாயைத் தன் பின்னே வரச் செய்கிறான். உரியவரின் இசைவின்றி நாயைக் கைப்பற்றும் நேர்மையற்ற எண்ணம் அவனுக்கு இருக்குமாயின், அந்த நாய் அவனைப் பின்தொடரத் தொடங்கிய கணத்திலேயே திருட்டு நிறைவேறிவிடுகிறது. நாயைக் கட்டிப்போட வேண்டியதில்லை, வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை, தொடக்கூட வேண்டியதில்லை.

சட்டம் பயிலும் மாணவர்கள் இவ்வெடுத்துக்காட்டை, அசையும் பொருளை இடம்பெயர்த்தல் என்னும் கருத்துக்கு உரிய விளக்கமாகவே படித்துக் கடந்துவிடுகின்றனர். அது எழுதப்பட்ட காலத்தை நோக்கினால் அதன் முனைப்பு வேறாகத் தெரியும். 1860இல் இச்சட்டம் இயற்றப்பட்டபோது, இதனை இயற்றியவர்களின் தாய்நாட்டில் நாயைத் திருடுவது பொதுச் சட்டப்படி களவாகக் கருதப்படவில்லை. லண்டனில் அவ்வாறே தீனி காட்டி ஒரு நாயை இழுத்துச் சென்றவன் தனிச்சட்டம் ஒன்றின்கீழ்த் தண்டிக்கப்படலாம். கள்வன் என்னும் பெயர் அவனுக்கு இல்லை. சென்னையிலோ கல்கத்தாவிலோ அதே செயல் 1862 ஜனவரி 1 முதல் நேரடியாகத் திருட்டு. ஆளும் நாட்டில் இல்லாத தெளிவு ஆளப்பட்ட நாட்டின் சட்டத்தில் எப்படி வந்தது என்பது ஆராயத்தக்கது.

இழிந்த சொத்து

நாய் சொத்தா என்ற வாதம் ஆங்கில நீதிமன்றங்களில் மிகப் பழையது. 1520இல், எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், மோப்ப நாய் ஒன்றை எடுத்துச் சென்றதற்காகத் தொடரப்பட்ட வழக்கில் நீதிபதிகளே தங்களுக்குள் மாறுபட்டு வாதிட்டதை ஆண்டறிக்கைகள் பதிவு செய்துள்ளன. நாய் வெறும் இன்பத்துக்காக வைத்துக்கொள்ளும் விலங்கு, ஆகவே அதில் சொத்துரிமை இல்லை என்பது ஒரு தரப்பு. பழக்கப்பட்டு மனிதனுக்குப் பயன்படும் எதுவும் உரிமைக்குட்பட்டதே என்பது மறுதரப்பு. அந்நூற்றாண்டின் இறுதியில், 1588ஆம் ஆண்டை ஒட்டி, கிரேஹவுண்ட் வகை வேட்டை நாய் ஒன்றைப் பற்றிய அயர்லாந்து எதிர் ஹிக்கின்ஸ் வழக்கும் இவ்வரிசையில் சேர்கிறது. இத்தகைய வழக்குகளின் வழியே, நாயை இழந்தவர் உரிமையியல் முறையில் பரிகாரம் தேடலாம் என்ற நிலைப்பாடு மெல்ல உறுதிப்பட்டது.

குற்றவியல் சட்டம் மட்டும் அசையவில்லை. எட்வர்ட் கோக், 1644இல் வெளிவந்த தம் சட்டநூலின் மூன்றாம் பகுதியில், நாய்கள் இழிந்த இயல்பின. அவற்றின் பொருட்டு ஒரு மனிதன் உயிரிழக்கக் கூடாது என்ற கருத்தைப் பதிவு செய்தார். 1769இல் வெளிவந்த நான்காம் தொகுதியில் வில்லியம் பிளாக்ஸ்டோனும் இதையே வழிமொழிந்தார். உணவுக்குப் பயன்படாத, மனக்களிப்புக்காக வளர்க்கப்படும் உயிர்களுக்குச் சட்டத்தின் பார்வையில் உள்ளார்ந்த மதிப்பில்லை. அவற்றில் ஒருவருக்கு இருப்பது தாழ்ந்த வகைச் சொத்துரிமை மட்டுமே என்பது அவர் கூற்றின் சாரம்.

இதனைக் கருணையின் வெளிப்பாடாகக் காண்பவர் உண்டு. பன்னிரண்டு பென்னிக்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு என்றிருந்த நாட்டில், நாய்க்காக ஒருவரைத் தூக்கிலிடாமல் விட்டது நல்லதுதானே எனத் தோன்றலாம். ஆனால் இவ்விளக்கம் நிறைவு தரவில்லை. பழக்கப்பட்ட வல்லூற்றைத் திருடுவது அதே இங்கிலாந்தில் பெருங்குற்றமாக இருந்தது. வல்லூறும் உணவுக்குப் பயன்படாத, களிப்புக்காக வளர்க்கப்பட்ட உயிரே. வேறுபாடு ஒன்றுதான்: வல்லூறு உயர்குடியினர் கையில் இருந்தது; நாய் எல்லார் வாசலிலும் இருந்தது. ஆகவே இழிவு என்று சட்டநூலார் கூறியது விலங்கின் இயல்பை அன்று, அதனை வைத்திருந்தோரின் கலவையான சமூகநிலையை என்று கொள்வதே பொருத்தம். 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் இதனை வெளிப்படையாகவே காட்டுகிறது. ஆண்டுக்கு 100 பவுண்டு வருவாய் தரும் சொந்த நிலமோ, 150 பவுண்டு வருவாய் தரும் நீண்டகாலக் குத்தகை நிலமோ இல்லாதவர் கிரேஹவுண்ட் முதலான வேட்டை நாய்களை வைத்திருக்க முடியாது. வைத்திருந்தால் வேட்டைக் காவலர் பறித்துக்கொள்ளலாம். ஏழையின் நாய் யாருடையது என்ற கேள்விக்கு அச்சட்டம் தந்த விடை அது.

நாயின் மதிப்பு எங்கும் இவ்வாறே கணிக்கப்பட்டது என எண்ணிவிடலாகாது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல், கருந்தேவக்கத்தி என்பவன் இறந்தபின் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. மண்டியா மாவட்டத்து ஆதக்கூர்க் கல்வெட்டு (பொ.ஆ. 949–50) உரிமை மாற்றத்தையே பதிவு செய்கிறது. தக்கோலப் போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக எது வேண்டும் என்று கங்க மன்னன் பூதுகன் கேட்க, மணலேரன் என்பவன் மன்னனின் வேட்டை நாயான காளியைக் கேட்டுப் பெற்றான். பன்றியோடு பொருது மாண்ட அந்த நாய்க்குக் கல் நட்டு நிலக்கொடையும் அளிக்கப்பட்டது. அரசன் கையிலிருந்து பரிசாக மாறக்கூடிய ஒன்றைத் தாழ்ந்த சொத்து என்று அழைப்பது கடினம்.

பொதுச் சட்ட நிலைப்பாட்டின் விளைவுகள் விந்தையானவை. நாயைக் கழுத்துப்பட்டையோடு கவர்ந்தவன், பட்டைக்காகக் களவுக் குற்றம் சாட்டப்படலாம். நாய்க்காகச் சாட்டப்பட முடியாது. இறந்த நாயின் தோல் களவுக்குரிய பொருள். உயிருள்ள நாய் அவ்வாறன்று. 1770இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை இயற்றி, நாய் கவர்வோருக்குக் கடுமையான அபராதமும் சிறையும் கசையடியும் விதித்தது. ஆனால் பொதுச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடு தொடப்படவில்லை. 1796இல் நாய்களுக்கு வரியும் விதிக்கப்பட்டது. களவாட முடியாத அளவுக்கு மதிப்பற்றது என்று ஒரு கை எழுதியதற்கு மறு கை வரி வசூலித்தது.

மீட்புப்பணமும் கண்டெடுத்தவன் என்னும் வேடமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் லண்டனில் இவ்வரைகுறைச் சட்டத்தின் பயனை முழுமையாக உணர்ந்தவர்கள் நாய் கவர்வோரே. செல்வர் வீட்டு நாயைத் தெருவில் கவர்ந்து, சில நாள் மறைத்து வைத்து, இடைத்தரகர் மூலம் மீட்புப்பணம் பேசுவது ஒழுங்கமைந்த தொழிலாயிற்று. 1844இல் நாடாளுமன்றத்தின் கீழவை இதற்கெனத் தெரிவுக்குழு ஒன்றை அமைத்தது. அடுத்த ஆண்டே, நாயைக் கவர்வதோடு அதனைத் திருப்பித் தருவதற்காக முறைகேடாகப் பணம் பெறுவதையும் குற்றமாக்கும் சட்டம் வந்தது.

அச்சட்டம் நடைமுறையில் எவ்வளவு பயன்பட்டது என்பதற்குக் கவிஞர் எலிசபெத் பாரெட்டின் நாய் ஃபிளஷ் தரும் சான்று முதன்மையானது. எழுத்தாளர் மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்டு 1841இல் அவருக்கு அன்பளித்த காக்கர் ஸ்பேனியல் அது. மூன்று முறை அது கவரப்பட்டது. வர்ஜீனியா உல்ஃப் 1933இல் அந்நாயின் வாழ்க்கையை நூலாக்கியபோது மூன்று நிகழ்வுகளையும் ஒன்றாகச் சுருக்கினார். ஆகவே அந்நூலை மட்டும் வரலாற்றுச் சான்றாகக் கொள்வது தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். எலிசபெத்தும் ராபர்ட் பிரவுனிங்கும் எழுதிக்கொண்ட கடிதங்களே மூலச்சான்று.

மூன்றாம் நிகழ்வு 1846 செப்டம்பர் முதல் நாள் நடந்தது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. ஆயினும் குடும்பத்தில் எவரும் காவலரை நாடுவதைப் பயனுள்ள வழியாகக் கருதவில்லை. யாரிடம் போய்ப் பேசவேண்டும் என்பது எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது: டெய்லர் என்பவனிடம். அவன் விலை கூறினான். எலிசபெத்தின் தந்தை கொடுக்கக் கூடாது என்றார். ராபர்ட் பிரவுனிங்கும் அதே கருத்தினர். கொடுங்கோன்மைக்குப் பணிவது அதனை வளர்ப்பதே என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். பணம் தராவிட்டால் நாயின் தலையும் பாதங்களும் பொட்டலமாக வந்துசேரும் என்ற அச்சுறுத்தல் வெறும் பேச்சல்ல என்பதை எலிசபெத் அறிந்திருந்தார். அறையை விட்டு அரிதாகவே வெளியேறிய அவர், வாடகை வண்டியில் ஷோர்டிச் பகுதிக்கே சென்று டெய்லரின் வீட்டைத் தேடினார். பின்னர் டெய்லர் பணம் பெற வீட்டுக்கு வந்தபோது, எலிசபெத்தின் தம்பி அவனைத் திருடன் என்று முகத்துக்கு நேரே பழித்ததால் பேரம் முறிந்தது, மீண்டும் சரிசெய்யப்பட்டது. ஐந்து நாள் கழித்து ஃபிளஷ் வீடு திரும்பியது. அதற்கு ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 12 அன்று, இருவரும் வீட்டார் அறியாமல் திருமணம் செய்துகொண்டனர். இத்தாலிக்குச் சென்றபோது நாயும் உடன் சென்றது.

சட்டம் இருந்தும் ஏன் பணமே பேசியது? இத்தொழிலில் எவரும் தன்னைக் கவர்ந்தவன் என்று காட்டிக்கொள்வதில்லை. தரகன் தன்னைக் கண்டெடுத்தவர்களுக்கும் உரியவருக்கும் இடையே உதவுபவனாகவே முன்வைத்தான். அவனைக் குற்றவாளி எனக் காட்ட வேண்டுமாயின் நாயைக் கவர்ந்த செயலுக்கு நேர்ச்சாட்சி வேண்டும். அல்லது நாய் அவன் கைவசம் இருந்ததாக நிறுவ வேண்டும். வழக்குத் தொடரும் முன்பே நாய் கொல்லப்படலாம். சட்டப்படி அதன் விலை சில ஷில்லிங்குகள்; உரியவருக்கு அதன் விலை அளவிட முடியாதது. அந்த வேறுபாட்டின் மீதுதான் முழுத்தொழிலும் நின்றது. உயிருள்ள ஒன்றை மறைத்துவைத்து விலைபேசுவது ஆட்கடத்தலை ஒத்தது என்பதை எலிசபெத் உணர்ந்திருந்தார். கொள்ளையரிடம் தாமே சிக்கினால் என்ன செய்வீர் என ராபர்ட்டைக் கேட்கவும் செய்தார். சட்டம் அந்த ஒப்புமையை ஏற்க மேலும் 178 ஆண்டுகள் ஆயின.

ஹாரியட் ரிட்வோ, ஃபிலிப் ஹவெல் முதலிய வரலாற்றாய்வாளர்கள் விக்டோரியக் கால நாய் வளர்ப்பை வர்க்கம், வீடு, நகரம் ஆகியவற்றோடு இணைத்து ஆராய்ந்துள்ளனர். அவர்களது ஆய்வுகளின் ஒளியில் நோக்கினாலும், உரிமையை நிறுவும் சான்றுகளின் வரலாறு தனியே கவனிக்கத்தக்கது. 1867இல் ஐந்து ஷில்லிங் நாய் உரிமச்சீட்டு வந்தது. 1873இல் கென்னல் கிளப் தோன்றி, 1874இல் நாய்களின் வம்சாவளிப் பதிவேட்டை வெளியிட்டது. நாய்க்குத் தாளில் ஓர் அடையாளம் உருவாகத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

1859, 1860

1859இல் இங்கிலாந்தில் ராபின்சன் என்னும் வழக்கு எழுந்தது. பொய்கூறி நாய்களைப் பெற்றுக்கொண்ட ஒருவரை, ஏமாற்றிப் பொருள் பெறுதல் என்னும் குற்றத்தின்கீழ்த் தண்டிக்கலாமா என்பது வினா. முடியாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பொதுச் சட்டப்படி களவுக்குரியதாக இல்லாத நாய், ஏமாற்றுதலைக் குறிக்கும் சட்டத்தில் பொருள் என்ற சொல்லுக்குள்ளும் அடங்காது என்பதே காரணம். கோக்கின் காலத்து இழிவு இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஓர் ஏமாற்றுக்காரரை விடுவிக்கும் வலிமையோடு இருந்தது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் அளித்த வரைவைப் பின்னர் பார்ன்ஸ் பீக்காக் உள்ளிட்டோர் திருத்தி அமைத்தனர். இச்சட்டத்தில் அசையும் சொத்து என்பதற்கு, நிலமும் நிலத்தோடு பொருந்தியவையும் அல்லாத பருப்பொருள் எதுவும் என்று பொருள். உள்ளார்ந்த மதிப்பு, உணவுப் பயன், இழிந்த இயல்பு ஆகிய தகுதிகள் எதுவும் கேட்கப்படவில்லை. இதனை நாயின் மீது கொண்ட பரிவாகக் கொள்ளக் காரணமில்லை. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் நுண்ணிய விதிவிலக்குகளைக் களைந்து சுருக்கமான சட்டத்தொகுப்பு ஒன்றை உருவாக்குவதே தொகுத்தோரின் நோக்கம். களைந்தபோது நாயும் பொருளாயிற்று. ஆனால் எடுத்துக்காட்டாகப் பசுவையோ குதிரையையோ காட்டியிருக்கலாம். ஆங்கில வழக்கறிஞருக்கு மிகுந்த ஐயம் தரக்கூடிய நாயையே காட்டியது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு.

எடுத்துக்காட்டின் உட்பொருள் இன்னும் நுட்பமானது. அங்கு நாய் தானாகவே நடந்து செல்கிறது. விலங்கொன்றை நகரச் செய்பவர் அதனை நகர்த்தியவரே என்று 378ஆம் பிரிவின் விளக்கம் வேறு தெளிவாகக் கூறுகிறது. நாயின் விருப்பம் கணக்கில் இல்லை. உரியவரின் இசைவு மட்டுமே கணக்கில் உண்டு. பெயர் சொல்லி அழைத்தால் யாரிடம் ஓடுகிறதோ அவருக்கே நாய் உரியது என்று ஊர்களில் செய்யப்படும் சோதனைக்கு இப்பிரிவு இடந்தரவில்லை. தீனியின் பின்னே செல்லும் நாய் தன் உரியவரை மாற்றிக்கொண்டதாகாது.

கண்டெடுத்தவர் நிலையையும் அச்சட்டம் தனியே வகுத்தது. யார் கைவசமும் இல்லாத பொருளை எடுப்பது திருட்டன்று. ஆனால் 403ஆம் பிரிவின்படி, உரியவர் யார் என அறிந்தோ, அறியும் வழி இருந்தோ, உரியவரைக் கண்டறிய நியாயமான முயற்சி செய்து நியாயமான காலம் காத்திராமலோ அப்பொருளைத் தனதாக்கிக்கொள்பவர் கையாடல் குற்றம் புரிந்தவராவார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், கண்டெடுத்தவருக்கு ஒப்படைப்புப் பெற்றவருக்குரிய பொறுப்பை 71ஆம் பிரிவில் சுமத்தியது. நியாயமான முயற்சி, நியாயமான காலம் என்னும் இவ்விரு அளவுகோல்களும் பின்னர் வேறொரு கண்டத்தில் நாய் வழக்கொன்றைத் தீர்க்கத் திரும்ப வருவதைக் காணலாம்.

மதிப்புப் படிநிலை முற்றாக ஒழிந்ததென்றும் சொல்லிவிட முடியாது. விலங்கைக் கொல்வது அல்லது முடமாக்குவது பற்றிய 428, 429ஆம் பிரிவுகளில் அது பின்வாசல் வழியாக நுழைந்தது. யானை, ஒட்டகம், குதிரை, கோவேறு கழுதை, எருமை, எருது, பசு ஆகியவற்றுக்கு எவ்விலையாயினும் கடுந்தண்டனை. பிற விலங்குக்கு ஐம்பது ரூபாய் மதிப்பு இருந்தாலே அத்தண்டனை. பத்து ரூபாய் மதிப்பேனும் இருந்தால் குறைந்த தண்டனை. பட்டியலில் நாய் இல்லை. திருடினால் முழுச் சொத்து, கொன்றால் விலைக்கேற்ற சொத்து. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 325ஆம் பிரிவில் இவ்விலைக் கணக்கைக் கைவிட்டது. திருட்டு பற்றிய 303ஆம் பிரிவில் நாயும் தீனியும் கொண்ட எடுத்துக்காட்டு தொடர்கிறது.

இங்கிலாந்தில் 1861, 1916ஆம் ஆண்டுகளின் களவுச் சட்டங்களும் நாயைத் தனிப்பிரிவில்தான் வைத்தன. 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டமே நாயைப் பிற சொத்துகளோடு ஒருங்கு சேர்த்தது. கல்கத்தாவில் எழுதப்பட்டதை எட்டுவதற்கு வெஸ்ட்மின்ஸ்டருக்கு 108 ஆண்டுகள் தேவைப்பட்டன.

கடலுக்கு அப்பால்

அமெரிக்க மாநிலங்கள் ஆங்கிலப் பொதுச் சட்டத்தைப் பெற்றபோது நாயின் தாழ்நிலையையும் சேர்த்தே பெற்றன. நியூ ஆர்லியன்ஸ் நகரில் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்த, பதிவு பெற்ற நியூஃபவுண்ட்லாந்து இனப் பெண்நாய் ஒன்றுக்கு இழப்பீடு கோரிய செண்டெல் வழக்கில், 1897இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நாயின் மீதான சொத்துரிமை குறைபாடுடையது, நிபந்தனைக்குட்பட்டது என்றது. வரிப்பட்டியலில் பதிந்திராத நாய்க்கு இழப்பீடு கோர முடியாது என்ற லூசியானா மாநிலச் சட்டம் செல்லும் எனவும் தீர்ப்பளித்தது.

நூறு ஆண்டுகள் கழித்து வெர்மான்ட் மாநிலத்தில் எழுந்த வழக்கு இவ்வாய்வுக்கு மிக நெருக்கமானது. 1994 ஜூலையில் வேட்டைக்குப் பழக்கப்பட்ட கலப்பின நாய் ஒன்று பட்டையிலிருந்து விடுபட்டு ஓடிவிட்டது. உரியவர் நண்பர்களிடமும் கடைகளிலும் விலங்குநலச் சங்கத்திலும் தெரிவித்தார். இரண்டு வாரம் கழித்துச் சாலையில் நடந்துகொண்டிருந்த அந்நாயை ஒரு பெண்மணி கண்டார். அவரும் அதே சங்கத்துக்குத் தகவல் தந்தார். கடைகளில் அறிவிப்பு ஒட்டினார். உள்ளூர் வானொலியில் ஒலிபரப்பச் செய்தார். எவரும் வராததால் வேறு பெயரிட்டு வளர்த்தார். ஓராண்டுக்கு மேல் கடந்தபின், முதல் உரியவருக்குச் செய்தி எட்டி வழக்காயிற்று. இருவரும் நேர்மையானவர்கள், இருவரும் செய்யவேண்டியதைச் செய்தவர்கள். பொய்யர் எவரும் இல்லாத வழக்கே தீர்க்கக் கடினமானது.

1997இல் வெர்மான்ட் உச்ச நீதிமன்றம், தொலைந்த பொருள் பற்றிய மாநிலச் சட்டம் வளர்ப்பு நாய்க்குப் பொருந்தாது என்றது. மாறாக, உரியவரைத் தேட நியாயமான முயற்சி செய்து, போதிய நீண்ட காலம் பொறுப்போடு பராமரித்தவர் நாயைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. அலைந்து திரியும் நாய்களைக் கண்டவர்கள் ஏற்றுக் காப்பாற்றுவதை ஊக்குவிப்பது பொதுநலன் என்பது அதன் தருக்கம். மாறுபட்ட தீர்ப்பும் இருந்தது. பொதுச் சட்டத்தில் கண்டெடுத்தவர் பிற எவரையும் விட வலுவான உரிமை பெறலாம்; உண்மை உரியவரை விட அன்று. இக்கோட்பாட்டை நாய்க்காக மட்டும் தளர்த்தலாமா என்ற மாற்றுத்தீர்ப்பின் கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. தேடிக்கொண்டே இருந்த ஒருவர், பிறர் செய்த நற்செயலால் தம் உரிமையை இழக்கிறார். ஆயினும் பெரும்பான்மைத் தீர்ப்பின் அளவுகோல்கள் இந்திய ஒப்பந்தச் சட்டமும் தண்டனைச் சட்டமும் வகுத்தவற்றோடு ஒத்திருப்பதும், இந்தியச் சட்டம் கடமையாக நிறுத்திக்கொண்டதை வெர்மான்ட் உரிமையாக மாற்றியதும் ஒப்பாய்வுக்கு உரிய செய்திகள்.

மணமுறிவில் எழும் பூசல்கள் வேறு வழியில் சென்றன. 1995இல் புளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம், நாய் தனிச்சொத்தே. அதனைச் சென்று பார்க்கும் முறைவைத்தால் நீதிமன்றங்கள் அதனைக் கண்காணித்தே மாளும் என மறுத்தது. 2013இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று டாக்ஸ்ஹண்ட் நாய் பற்றிய வழக்கில், அனைவருக்கும் எது நல்லது என்ற அளவுகோலின்படி ஒரே நாள் விசாரணைக்கு மட்டும் இசைந்தது. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அலாஸ்கா மாநிலச் சட்டமே விலங்கின் நலனைக் கருதி உரிமையை முடிவு செய்ய நீதிமன்றத்துக்கு முதலில் அதிகாரம் தந்தது. தீனி எடுத்துக்காட்டில் இடம்பெறாத நாயின் தரப்பு இங்குதான் முதன்முதலாகச் சட்டத்தின் சொற்களில் நுழைகிறது.

அடையாளமும் உரிமையும்

2020 நவம்பரில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் நகரில், இப்போதைய நர்மதாபுரத்தில், கருப்பு லாப்ரடார் நாய் ஒன்றுக்கு இருவர் உரிமை கோரினர். ஒருவருக்கு அது கோக்கோ; மற்றவருக்கு டைகர். இரு பெயருக்கும் நாய் இசைந்தது எனின் வியப்பில்லை. காவலர் மரபணுச் சோதனைக்கு அனுப்பினர். ஒருவர் தாம் நாயைப் பச்மரியில் வாங்கியதாகக் கூறியிருந்ததால், அங்கிருந்த தந்தை நாயின் மாதிரியோடு ஒப்பிடப்பட்டது. 2021இல் வந்த முடிவு அவர் கூற்றுக்குச் சாதகமாக அமைந்தது.

அறிவியல் தீர்த்துவைத்த வழக்கு என்று இது பேசப்பட்டது. நுணுகி நோக்கினால் மரபணு நிறுவியது நாயின் பிறப்பை மட்டுமே. அந்தக் குட்டியை வாங்கியவர் யார், பின்னர் கொடுத்தாரா, இழந்தாரா என்பவை சோதனைக்கூடத்துக்கு எட்டாதவை. இரு தரப்பினரும் வெவ்வேறு இடங்களில் வாங்கியதாகக் கூறியதால்தான் பிறப்பே உரிமைக்குச் சான்றாயிற்று. ஒரே ஈற்றில் பிறந்த இரு குட்டிகளைப் பற்றிய பூசலாக இருந்திருந்தால் தந்தை நாய் உதவியிருக்காது.

நுண்சில்லும் இத்தகையதே. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல் எட்டு வாரம் கடந்த நாய்களுக்கு நுண்சில்லு கட்டாயம். பதிவேட்டில் இடம்பெறுவது நாயைப் பராமரிப்பவரின் பெயர். உரியவர் என்ற சொல் அங்கில்லை. நாயை நெடுநாள் பிறரிடம் விட்டவரின் உரிமையை அப்பதிவு தானாக அழிப்பதுமில்லை, காப்பதுமில்லை. கோக்கும் பிளாக்ஸ்டோனும் பிரித்து வைத்த கைவசமும் சொத்துரிமையும் தோலுக்கடியில் பொருத்திய சில்லிலும் பிரிந்தே இருக்கின்றன.

2024ஆம் ஆண்டின் வளர்ப்பு விலங்கு கடத்தல் சட்டம், ஃபிளஷ் கவரப்பட்ட காலத்திலிருந்து எழுந்த குறையைத் தீர்க்க முயல்கிறது. இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் அவ்வாண்டு ஆகஸ்ட் 24 முதல், நாயைக் கடத்துவது பொருளைத் திருடுவதிலிருந்து வேறான தனிக்குற்றம். உயர்ந்த அளவு ஐந்தாண்டுச் சிறை. கடத்தல் என்ற சொல்லே சொத்தின் மொழியிலிருந்து ஆளின் மொழிக்கு நகர்ந்துள்ளது. ஆனால் அச்சட்டத்தில் விதிவிலக்கு ஒன்று உண்டு. நாயை எடுத்துச் சென்றவரும் மறுதரப்பினரும் முன்னர் எப்போதேனும் அந்த நாயோடு ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால் அச்செயல் இக்குற்றமாகாது. பிரிந்த கணவன் மனைவியரும், ஒன்றாக வாடகைக்கு இருந்து விலகிய நண்பர்களும் இவ்வகையில் அடங்குவர். அவர்களுக்கு இன்றும் உள்ள வழி, 1588இல் கிரேஹவுண்ட் நாய்க்காகச் சென்ற அதே உரிமையியல் நீதிமன்ற வழிதான். வாங்கிய ரசீது, கால்நடை மருத்துவரின் கட்டணச் சீட்டு, நுண்சில்லுப் பதிவு, தீனிக்குச் செலவிட்ட கணக்கு ஆகியவற்றை அங்கே இரு தரப்பும் முன்வைக்கின்றன.